நாலு சீட்டும் மூணு கூறும்

தோணிரேவில் அங்காளம்மாளைப் பிடிக்காதவர்கள் நிறையப் பேர். பிடித்தவர்களும் ஓர் எட்டு தள்ளி நின்றுதான் பேசுவார்கள். வாய் அப்படி. மனதில் பட்டதை மென்று விழுங்கும் பழக்கம் அவளுக்குப் பிறவியிலேயே கிடையாது. கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள், பானையில் கஞ்சி மிச்சம் இருக்கிறதா என்று பாராமலே சாப்பிட்டாயா என்று கேட்ட மாமியாரிடம், பானையைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள் என்று சொன்னவள். மாமியார் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பானையைப் பார்க்காமல் கேட்டதும் இல்லை.

அவளைப் பிடிக்காதவர்களுக்கும் அவள் கையைப் பிடிக்கும். ஏரியில் இறாலைக் கையால் தடவிப் பிடிக்கிற குடும்பங்கள் தோணிரேவில் இருபத்தைந்து இருந்தன. அவர்களுக்கு வலை கிடையாது, தோணி கிடையாது. பனையோலைப் பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்த வாக்கில் வரிசையாக நகர்ந்து, இரண்டு உள்ளங்கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போவார்கள். இறால் விரலில் முட்டும். முட்டிய நொடியில் அமுக்கிப் பறியில் போட வேண்டும். அங்காளம்மாளின் பறி எப்போதும் முதலில் நிறைந்துவிடும். அவள் கை பட்ட குழி வெறுங்குழியாக இருந்ததில்லை என்பார்கள். கைராசிக்காரி என்று பேர். அந்தப் பேரை அவள் மூக்குத்தி மாதிரி போட்டுக்கொண்டு திரிந்தாள். அதில் தப்பொன்றும் இல்லை. அவளிடம் வேறு மூக்குத்தி இல்லை.

பிடித்ததையெல்லாம் கரையில் ஒன்றாகக் கொட்டிக் கூறு போடுவார்கள். கூறு போடுகிறவர், மற்ற எல்லாரும் எடுத்த பிறகு மிஞ்சுகிற கூறைத்தான் எடுக்க வேண்டும். அதனால் ஒரு கூறில் ஓர் இறால் கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது. பிறந்ததிலிருந்து இதையே பார்த்து வளர்ந்த சனத்துக்குக் கூறு என்றாலே சமம்தான். மூன்று கூறு என்று ஒருவர் வாயால் சொன்னால், மூன்றும் ஒரே அளவு என்றுதான் அவர்கள் காதில் விழும். அதை எண்ணிப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்றுகூட நினைப்பார்கள். தருமலிங்கத்துக்கு இந்த நல்ல பழக்கம் வாகாகப் போயிற்று.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை இருந்த காலம் அது. கோட்டைச் சமையலுக்கு மீன் கொடுக்கிற ஆள் தருமலிங்கம். தோணிரேவின் வலைகளில் பாதிக்கு மேல் அவருடையவை. கோட்டைச் சிப்பாய்களோடு பழகி நாலு வார்த்தை ஒல்லாந்துப் பேச்சும் சீட்டாட்டமும் கற்றிருந்தார். பேச்சை எப்போதாவது எடுப்பார், சீட்டை எப்போதும் மடியிலேயே வைத்திருப்பார். எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிக்கிற ஆளோடு சண்டை போடுவது கஷ்டம். அந்தச் சிரிப்புக்கு வேலையே அதுதான்.

முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் கொக்குமேடு என்று ஒரு ஆழமில்லாத இடம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஏறுகிற கடல்தண்ணீர் இறாலை அள்ளிக்கொண்டு வந்து அங்கேதான் விடும். வலைக்காரர்கள் முதலில் வலை கட்டிவிட்டால் கையால் தடவுகிறவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. கைக்காரர்கள் முதலில் இறங்கிவிட்டால் சேறு கலங்கி, வலைக்கு அன்றைக்குப் பட்டினி. ஒரு தடவை வலைக்கு, ஒரு தடவை கைக்கு என்று மாறி மாறி விட்டுக்கொடுத்துத்தான் காலம் போய்க்கொண்டிருந்தது. ஒரு வருஷம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டு, இரண்டு தடவை யாருமே இறங்க முடியவில்லை. மழை விட்டதும் இப்போது யார் முறை என்று சண்டை வந்தது. துடுப்பால் அடித்துக்கொண்டு, இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது.

அப்போதுதான் தருமலிங்கம் நடுவில் புகுந்தார். அம்மன் கோயில் வாசலில் பாய் விரித்து, அதில் சீட்டுகளைப் பரப்பினார். ஐம்பத்திரண்டு சீட்டு. பாதி கருப்பு, பாதி சிவப்பு. எல்லார் முன்னாலும் எண்ணிக் காட்டினார். இனிமேல் ஒவ்வொரு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இந்தச் சீட்டைக் குலுக்கிக் கவிழ்த்துப் போட்டு, இரண்டு சீட்டு எடுக்க வேண்டும். கொக்குமேடு யாருக்கு என்று அந்த இரண்டு சீட்டு சொல்லும்.

"ரெண்டும் கருப்பா வந்தா உங்களுக்கு. ரெண்டும் செவப்பா வந்தாலும் உங்களுக்கு. கருப்பு ஒண்ணு செவப்பு ஒண்ணுனு கலந்து வந்தா மட்டும் வலைக்கு," என்றார் கைக்காரர்களைப் பார்த்து. "மூணு கூறுல ரெண்டு கூறு உங்களுக்கே குட்த்துட்டேன். பொழச்சிப் போங்க."

வலைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். கைக்காரர்கள் கும்பிட்டார்கள். அதோடு விட்டாரா என்றால் இல்லை. எடுக்கிற கையும் உங்கள் கையாகவே இருக்கட்டும், பின்னால் ஒரு பேச்சு வரக் கூடாது என்றார். யார் கை என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அங்காளம்மாள் கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்தாள். அவளாக வேண்டாம் என்று விலகும்வரை அவள்தான் சீட்டெடுப்பாள், கைக்காரர்களுக்காக அவள் பேசுவதுதான் பேச்சு, சீட்டு சொன்னதை இரண்டு தரப்பும் கேட்டுக்கொள்ளும். இதுதான் அம்மன் முன்னால் ஏற்பாடு.

முதல் வருஷம் இறால் ஏறுகிற ஐந்து மாதத்தில் பத்துத் தடவை சீட்டெடுத்தாள். ஐந்து தடவை கைக்காரர்களுக்கு வந்தது. மூன்றில் இரண்டு கூறு என்றால் இன்னும் ஒன்றிரண்டு வந்திருக்க வேண்டுமே என்று யாருக்கோ தோன்றியது, ஆனால் பழைய வழக்கப்படியும் பாதிதானே கிடைத்தது என்று விட்டுவிட்டார்கள். இரண்டாம் வருஷம் தருமலிங்கம் நாலே நாலு சீட்டோடு வந்தார். தோணியில் தண்ணீர் ஏறி மற்ற சீட்டெல்லாம் ஊறிப்போய்விட்டதாம். தப்பித்தவை நாலு ஒற்றைப் புள்ளிச் சீட்டுகள், கருப்பு இரண்டு, சிவப்பு இரண்டு. அங்கேயும் பாதிக்குப் பாதி, இங்கேயும் பாதிக்குப் பாதி, இதில் என்ன வித்தியாசம் என்று கேட்டார். ஒரு வித்தியாசமும் இல்லை என்று எல்லாரும் தலையாட்டினார்கள். அங்காளம்மாளும் ஆட்டினாள். உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா?

அந்த வருஷம் பத்தில் மூன்று தடவைதான் கைக்காரர்களுக்கு வந்தது. மூன்றாம் வருஷம் தொடங்கி நாலு தடவை எடுத்ததில் ஒன்று.

இப்போது எல்லார் கண்ணும் அவள் கைமேல் விழுந்தது. மூன்று கூறில் இரண்டைக் கையில் கொடுத்தும் தோற்கிறாள் என்றால் அந்தக் கையில் என்ன இருக்கிறது? தெய்வநாயகி என்று ஒருத்தி, அங்காளம்மாளுக்குப் பக்கத்திலேயே பதினைந்து வருஷம் தண்ணீரில் நகர்ந்தவள், அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். ராசி இறங்கிவிட்டது என்றாள். அது போதும். ஒருத்தி அங்காளம்மாள் ஒரு நாள் தீட்டோடு சீட்டைத் தொட்டதாகச் சொன்னாள். இன்னொருத்தி அவள் கர்ப்பிணி நாயை அடித்ததைக் கண்ணால் பார்த்தாளாம். ராசி கெட்ட கை வரிசையில் இருந்தால் இறால் ஒதுங்கிப் போய்விடும் என்பது அந்தச் சனத்தின் நம்பிக்கை. முதலில் அவளை வரிசையின் கடைசிக்குத் தள்ளினார்கள். பிறகு கார்த்திகையில் ஒரு காலை, கரையிலேயே இருந்துகொள் என்று பெருமாள் சொன்னார். பெருமாள் அவள் புருஷனுக்கு அண்ணன், கைக்காரர்களுக்குப் பெரியவர். புருஷன் சுப்பன் பக்கத்தில்தான் நின்றிருந்தான். பறிக் கயிற்றைப் பல்லில் கடித்திருந்ததால் பேச முடியவில்லை என்று பிற்பாடு சொன்னான். அவன் கயிற்றைக் கடிக்காத நாளிலும் பேசினவன் இல்லை.

அங்காளம்மாளுக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. சோற்றுக்குப் பஞ்சமில்லை, சுப்பனுக்குக் கூறு வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் பறி தூக்காமல் உட்கார்ந்து அந்த இறாலைத் தின்ன மனசு ஒப்பவில்லை. அதைவிடக் கேவலம், இரண்டு நாள் அவளே அதை நம்பிவிட்டாள். கையை மஞ்சள் போட்டுத் தேய்த்தாள். அம்மன் முன்னால் நீட்டிக் காட்டினாள். என் கைக்கு என்ன ஆச்சு, நீயாவது சொல் என்று கேட்டாள்.

மூன்றாம் நாள் சும்மா இருக்க முடியாமல், கரையோரச் சேற்றில் மட்டிச் சிப்பி பொறுக்கப் போனாள். மற்றப் பெண்கள் அரைக்கூடை எடுக்கிற நேரத்தில் அவள் கூடை நிறைந்துவிட்டது. கூடையைப் பார்த்தபடியே நின்றாள். கையில் கோளாறு என்றால் இங்கேயும் அல்லவா கோளாறு தெரிய வேண்டும்? இறாலுக்கு ஒரு ராசி, மட்டிக்கு ஒரு ராசி, சீட்டுக்கு ஒரு ராசி என்று ஒரே கையில் மூன்று ராசி எப்படி இருக்கும்?

வீட்டுக்கு வந்து நாலு மட்டி ஓடுகளை எடுத்தாள். இரண்டில் சட்டிக் கரியைப் பூசினாள். இரண்டை வெள்ளையாகத் தேய்த்தாள். நாலையும் ஒரு பானையில் போட்டு, குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு இரண்டை எடுத்தாள். ஒன்று கருப்பு, ஒன்று வெள்ளை. திரும்பப் போட்டாள், குலுக்கினாள், எடுத்தாள். ஜோடி வந்தால் வலப்பக்கம் ஒரு புளியங்கொட்டை, கலந்து வந்தால் இடப்பக்கம் ஒன்று. அறுபது தடவை எடுத்தாள். வலப்பக்கம் இருபத்தொன்று. இடப்பக்கம் முப்பத்தொன்பது.

சுப்பன் தண்ணீரிலிருந்து வந்ததும் ஈரத்துணியோடு அவனைப் பிடித்து உட்கார வைத்தாள். பானைக்குள் கையை விடச் சொன்னாள். எதற்கு என்று அவன் கேட்கவில்லை, கேட்டால் பதில் வரும் என்று தெரியும். அவன் அறுபது தடவை எடுத்தான். வலப்பக்கம் பத்தொன்பது. சுப்பன் கைக்கு ராசி உண்டென்று யாரும் சொன்னதில்லை. ராசி கெட்டதென்றும் யாரும் சொன்னதில்லை. அந்தக் கைக்கும் இதேதான் வருகிறது என்றால் கோளாறு கையில் இல்லை. பானையில் இருக்கிறது.

மறுபடி ஒரு கரி ஓட்டை எடுத்தாள். இந்தத் தடவை இரண்டாவதை எடுக்காமல், பானையைச் சாய்த்து உள்ளே பார்த்தாள். உள்ளே மூன்று ஓடுகள் கிடந்தன. ஒன்று கரி. இரண்டு வெள்ளை. கையில் இருக்கிற கரிக்கு ஜோடி உள்ளே ஒன்றே ஒன்று. கலப்பதற்கு இரண்டு இருக்கின்றன. வெள்ளையை முதலில் எடுத்துப் பார்த்தாள். அப்போதும் அதே கதைதான். எதை முதலில் எடுத்தாலும் மிச்சம் மூன்று, அதில் ஒன்றுதான் ஜோடி.

ஓடுகளைத் தரையில் வைத்து, ஒரு கரி ஓட்டின் ஓரத்தையும் ஒரு வெள்ளை ஓட்டின் ஓரத்தையும் கொஞ்சம் உடைத்தாள், ஒன்றை ஒன்று அடையாளம் தெரியட்டும் என்று. பிறகு நாலு ஓட்டில் எத்தனை விதமாக இரண்டை எடுக்கலாம் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். கரி இரண்டும் சேர்ந்தது, ஒன்று. வெள்ளை இரண்டும் சேர்ந்தது, ஒன்று. முழுக் கரியோடு முழு வெள்ளை, முழுக் கரியோடு உடைந்த வெள்ளை, உடைந்த கரியோடு முழு வெள்ளை, உடைந்த கரியோடு உடைந்த வெள்ளை. நாலு. மொத்தம் ஆறு. ஆறில் இரண்டு கைக்காரர்களுக்கு, நாலு வலைக்கு. தருமலிங்கம் போட்ட மூன்று கூறில் முதல் கூறில் ஒன்று, இரண்டாம் கூறில் ஒன்று, மூன்றாம் கூறில் நாலு. கூறு என்ற வார்த்தையைக் கேட்டதுமே இருபத்தைந்து குடும்பமும் எண்ணுவதை விட்டுவிட்டது. அவளும்தான்.

அப்போதுதான் முதல் வருஷம் ஞாபகம் வந்தது. ஐம்பத்திரண்டில் ஒரு கருப்பை எடுத்துவிட்டால் உள்ளே கருப்பு இருபத்தைந்து, சிவப்பு இருபத்தாறு. ஒன்றுதான் வித்தியாசம், கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. அதனால்தான் பத்தில் ஐந்து வந்தது. இந்த ஆள் முதல் வருஷம் பார்த்தான், போதவில்லை, நாலாகக் குறைத்துக்கொண்டான். சீட்டு தண்ணீரில் ஊறியதாம். எல்லாச் சீட்டும் ஊறுமாம், கணக்காக இரண்டு கருப்பும் இரண்டு சிவப்பும் மட்டும் ஊறாதாம். பேமானி என்று அங்காளம்மாள் சத்தமாகவே சொன்னாள். இரண்டு நாள் மஞ்சள் தேய்த்த தன் கையைப் பார்த்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் காலை பானையைத் தூக்கிக்கொண்டு பெருமாளிடம் போனாள். எல்லாவற்றையும் செய்து காட்டினாள். பெருமாள் பொறுமையான மனிதர். கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டு, கருப்பு ஜோடி ஒரு வழி, சிவப்பு ஜோடி ஒரு வழி, கலப்பு ஒரு வழி, ஆக மூன்றுதானே என்றார். மூன்றாம் வழிக்குள் நாலு வழி இருக்கிறது என்று அவள் ஓடுகளை மறுபடி வைத்தாள். ஓட்டை உடைத்ததால்தான் நாலு மாதிரி தெரிகிறது, உடைக்காமல் வைத்துப் பார், கலப்பு கலப்புதான் என்றார் அவர். கோபம் தலைக்கேறி, பானையை அங்கேயே போட்டு உடைத்துவிடலாம் போல இருந்தது அவளுக்கு. சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். கை கெட்டவள் காரணம் தேடுகிறாள் என்றாள் தெய்வநாயகி.

"நாளைக்கி அமாவாச," என்றார் பெருமாள். "நீயா வந்து வாணாம்னு சொல்லிட்டு, தெய்வநாயகி கைல குட்த்துடு. மறுநாளே வரிசைல வந்து எறங்கு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"குடுக்கலன்னா?"

"நீ எடுத்துத் தோத்தா, அப்புறம் எந்த நாளும் எங்ககூட தண்ணில எறங்க முடியாது. நான் சொன்னாலும் கேக்க மாட்டாங்க."

அவர் மிரட்டவில்லை, வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அவளுக்கும் அது தெரிந்தது. விலகிவிட்டால் பழைய இடம், பழைய வேலை, கொஞ்ச நாளில் பேச்சும் அடங்கிவிடும். ஆனால் அவள் கை கெட்ட கை என்று அவளே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், தருமலிங்கம் சாகும்வரை அந்த நாலு சீட்டைக் குலுக்கிக்கொண்டிருப்பார். இன்றைக்கு என் கை, நாளைக்குத் தெய்வநாயகி கை, அதற்கப்புறம் யார் கை என்று கேட்டாள். நானேதான் எடுப்பேன் என்று சொல்லிவிட்டுப் பானையோடு திரும்பி நடந்தாள்.

அமாவாசைக் காலை கோயில் வாசலில் வாடைக்காற்று பாயைப் புரட்டிக்கொண்டிருந்தது. பாயின் நாலு மூலையிலும் கல் வைத்திருந்தார்கள். தருமலிங்கம் ஒரு பக்கம் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் வலைக்காரர்கள், முன்வரிசையில் அவர் மச்சான் சகாதேவன். எதிர்ப்பக்கம் கைக்காரர்கள். தெய்வநாயகி தலைக்குக் குளித்துப் பூ வைத்துத் தயாராக வந்திருந்தாள். அங்காளம்மாள் அவளைத் தாண்டிப் போய்ப் பாயின் முன்னால் உட்கார்ந்தாள். பெருமாள் கண்ணை மூடிக்கொண்டார்.

தருமலிங்கம் சீட்டைக் குலுக்கத் தொடங்கியதும், ஒரு பேச்சு இருக்கிறது என்றாள்.

"அய்யா, மூணு கூறுல ரெண்டு எங்களுக்கு, ஒண்ணு உங்களுக்குனு குட்த்தீங்க. இத்தினி நாளு ரெண்டு கூறையும் வாங்கிக்கினு, நாங்க உங்க தலைல கை வெச்சிட்ட மாதிரி இருக்குது. எங்களுக்கு வெக்கமா கீது. இன்னையிலருந்து அந்த ரெண்டு கூறையும் நீங்களே வெச்சிக்கங்க. ஜோடி வந்தா வலைக்கு. கலந்து வந்தா எங்களுக்கு. ஒரு கூறு போதும்."

கைக்காரர்கள் பக்கம் ஒரே இரைச்சல். பைத்தியம் பிடித்துவிட்டது, இழுத்து வெளியே போடுங்கள் என்றார்கள். பெருமாள் எழுந்து நின்றுவிட்டார். வலைக்காரர்கள் பக்கம் சிரிப்பு. சகாதேவன் தொடையைத் தட்டிச் சிரித்தான். தானாக வந்து கொடுப்பதை வாங்கிக்கொள்ள என்ன யோசனை என்று தருமலிங்கத்தின் தோளைத் தொட்டான்.

தருமலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அந்த முகத்தில் சிரிப்பில்லாமல் அங்காளம்மாள் பார்த்தாள். அம்மன் முன்னால் செய்த ஏற்பாட்டை மாற்றக் கூடாது என்றார் அவர். சீட்டுப்படி நடப்போம் என்றுதான் சத்தியம், கைக்காரர்களுக்காக நான் பேசுவதுதான் பேச்சு என்றும் சத்தியம், எங்கள் கூறை நாங்கள் விட்டுக்கொடுப்பதில் அம்மனுக்கு என்ன கோபம் என்று அவள் கேட்டாள். வலைக்காரர்களே அவளுக்காகப் பேசினார்கள். சொந்த ஆட்கள் இத்தனை பேர் வாங்கிக்கொள், வாங்கிக்கொள் என்று நச்சரிக்கும்போது, வேண்டாம் என்று சொல்ல அவரிடம் ஒரு காரணம்தான் இருந்தது. அந்தக் காரணத்தை வாய் திறந்து சொல்ல முடியாது. கடைசியில், சரி, உன் இஷ்டம் என்று சீட்டைக் கவிழ்த்துப் பரப்பினார்.

முதல் சீட்டைத் திருப்பினாள். கருப்பு, இஸ்பேடு. மிச்சம் மூன்று, இரண்டு நமக்கு, ஒன்று அவர்களுக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். நடுவில் கிடந்ததைத் திருப்பினாள்.

கிளாவர். அதுவும் கருப்பு.

வலைக்காரர்கள் கூச்சல் போட்டுக் குதித்தார்கள். தெய்வநாயகி தலையிலிருந்த பூவைப் பிய்த்துக் கீழே போட்டாள். இருந்த இரண்டு கூறையும் தாரை வார்த்துவிட்டாயே என்று பெருமாள் கத்தினார். அவர் கத்தி அந்த ஊர் கேட்டதில்லை. அங்காளம்மாள் தோற்றுவிட்டாள். அது பொய்யில்லை. ஆனால் பானையும் பொய்யில்லை. நூற்றிருபது தடவை எடுத்துப் பார்த்தவள் அவள், அதில் நாற்பது தடவை ஜோடி வந்திருக்கிறது. இது நாற்பத்தொன்றாவது.

எழுந்து நின்றாள்.

"மூணுல ஒண்ணு அவங்களுது. அது இன்னிக்கி வந்துச்சி," என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "வரிசைல சேக்கலன்னா போங்க. பௌர்ணமிக்கி நான்தான் எடுப்பேன். இதே மாதிரிதான் எடுப்பேன். அதுக்கு அடுத்த அமாவாசைக்கும் எடுப்பேன்."

வலைக்காரர்களுக்கு இதைவிடச் சந்தோஷமான பேச்சு வேறு இல்லை. அப்படியே ஆகட்டும் என்றான் சகாதேவன். அப்போது தருமலிங்கம் கையை உயர்த்தி அவர்களை அடக்கினார். சிரிப்பு திரும்பி வந்திருந்தது. இந்தப் பெண் ஏதோ ரோஷத்தில் சொல்லிவிட்டாள், அதற்காக ஏழைச் சனத்தின் வயிற்றில் அடிக்கலாமா, பௌர்ணமியிலிருந்து பழையபடி இரண்டு கூறும் கைக்காரர்களுக்கே இருக்கட்டும் என்றார்.

வேண்டாம் என்றாள் அங்காளம்மாள்.

நீ சும்மா இரு என்று அவளை அடக்கிவிட்டுப் பெருமாளிடம் திரும்பினார். நாம் பெரியவர்கள் பேசிக்கொள்வோம், பழையபடியே வைத்துக்கொள்ளலாம் என்றார். நமக்கு வருவதை ஏன் விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று சகாதேவன் பின்னாலிருந்து கேட்டான். வாயை மூடு என்று மச்சான் பக்கம் சீறினார் தருமலிங்கம். அவர் மச்சானிடம் சீறியும் அந்த ஊர் பார்த்ததில்லை. திரும்பவும் பெருமாளைப் பார்த்து, இல்லாவிட்டால் சீட்டே வேண்டாம், வேறு ஏதாவது ஏற்பாடு செய்வோம் என்றார். குரல் கொஞ்சம் ஏறியிருந்தது.

பெருமாள் தருமலிங்கத்தை உற்றுப் பார்த்தார். இந்த மனிதரை அவருக்கு நாற்பது வருஷமாகத் தெரியும். வலையில் மாட்டிய கழிவு மீனைக்கூட நாய்க்குப் போடாமல் காய வைத்து எடுத்துக்கொள்கிற ஆள். பெருமாளின் கண் பாயில் கிடந்த இரண்டு கருப்புச் சீட்டுக்குப் போயிற்று. பிறகு கவிழ்ந்தபடி கிடந்த மற்ற இரண்டுக்குப் போயிற்று. உதடு மெல்ல அசைந்தது. எண்ணுகிறார் என்று அங்காளம்மாளுக்குத் தெரிந்தது. அவள் குறுக்கே பேசவில்லை. அவள் பேசாமல் நின்றதை அன்றைக்குத்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

"ஜெயிச்சது நீங்கதானே அய்யா?" என்றார் பெருமாள். "அப்புறம் ஆட்டத்த மாத்துனு நீங்க இன்னாத்துக்குக் கெஞ்சறீங்க?"

கைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பாயில் கிடந்த சீட்டைப் பார்த்துக் குனிந்தார்கள். கொஞ்சம் பொறுத்து வலைக்காரர்களும் குனிந்தார்கள். சகாதேவன் மச்சானின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அங்காளம்மாள் குனிந்து நாலு சீட்டையும் பொறுக்கிப் பெருமாளின் உள்ளங்கையில் வைத்தாள்.

"பௌர்ணமி வரைக்கும் இது நம்ம கையில இருக்கட்டும் மாமா."

தருமலிங்கம் சீட்டுக்காகக் கையை நீட்டினார். பெருமாள் கொடுக்கவில்லை.